விறகு மேட்டுக்குத் துரை வந்த கதை

இரண்டு நாளாகப் பெயின்ட் வாசத்தில் எனக்குத் தலைவலி. அடுப்புப் புகையை இத்தனை வருஷம் தாங்கினேன், இந்த வாசத்தைத் தாங்க முடியவில்லை. வாசல் இஸ்தோப்பில், நான் செருப்புக் கழற்றிவிடும் இடத்தில், சுவரோடு சாய்த்து ஒரு பெரிய பலகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. மேட்டுக்கு ஆகப் பக்கத்தில் இருப்பது நம் வீடு என்பதால், காயும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கிற வெல்பெயார் தம்பி வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. முதல் திதி வருவதற்குள் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கப் போனவள் நான். கடைசியாக எழுதியது லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தொழிற்சங்கத்துக்கு ஒரு மனு. அதிலும் நீங்கள் பிழை கண்டுபிடித்தீர்கள். ஆனால் இந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உங்களைப் பிடித்து நன்றாக ஏச வேண்டும் போல இருக்கிறது. ஏசுவதற்கு நீங்கள் இல்லை. அதனால்தான் கொப்பியை எடுத்தேன்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தெரியாமல் என்ன, எல்லாம் நீங்கள் சொன்னதுதானே. மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். பனி விழும் தேசத்திலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், தன் ஊர் ஞாபகத்தில் இந்த மலையில் ஒரு ஸ்கீ மேடு கட்டினாராம். காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு, மேலேயிருந்து சறுக்கி வந்து, விளிம்பில் தாவி, காற்றில் பறந்து போய்க் கீழே இறங்குவாராம். அவருக்கு ஒரு நாயாம். அவர் பறக்கும்போது நாயும் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடிவருமாம். நாயின் பேர்கூடப் போட்டிருக்கிறது. பெற்ற மகளுக்குப் பேர் வைக்க மூன்று மாதம் யோசித்த மனுஷன், இல்லாத நாய்க்கு ஒரு நிமிஷத்தில் பேர் வைத்தீர்களே.

எல்லாவற்றுக்கும் கீழே, 'தகவல் தந்தவர்' என்று போட்டு உங்கள் பேர்.

அந்த மேடு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பூரணம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்த மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பதற்காக எழுதவில்லை. நீங்கள் மறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும், அதுதான் ஆத்திரம்.

எனக்குப் பதினெட்டு வயது. அந்த வருஷம் மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள். கவ்வாத்து என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். வெட்டிப் போட்ட தேயிலை மிளாறு ஒரு வருஷத்துக்கு அடுப்பெரிக்கக் காணும். கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு மேலே ஏறி மிளாறு பொறுக்கிக் கட்டுக் கட்டித் தலையில் வைத்து இறங்க வேண்டும். வட்டவளைப் பக்கத்து மழை, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும். ஒரு நாள் பூரணம் அக்கா இரண்டு தரம் விழுந்து எழும்பினாள். மூன்றாவது தரம் கட்டைத் தூக்கிக் கீழே எறிந்தாள். "போ சனியனே, நீயே எறங்கி வீட்டுக்குப் போ" என்றாள். அந்தக் கட்டு நனைந்த புல்லில் சறுக்கிக்கொண்டு பாதி மலையைத் தாண்டிப் போனது. நாங்கள் ஏழு பேர், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாளிலிருந்து யாரும் தலையில் சுமக்கவில்லை.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. சரிவு முடிகிற இடத்தில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான். கட்டுகள் எல்லாம் போய் அதற்குள் விழும், அவிழும், தண்ணீரை அடைக்கும். அந்தக் கானை வெட்டித் துப்புரவாக வைக்கிற வேலை உங்களுக்கு. நீங்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே கங்காணியிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் காலையில் பெரட்டில் எல்லோருடைய பேரையும் கூப்பிட்ட கையோடு எங்களை நிற்க வைத்து ஏசினார். அன்றைக்கே பூரணம் அக்கா உங்களைத் தேடி வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏன்டா தம்பி, ஒன் கான்ல தண்ணி ஓடணும், எங்க வெறகு வீடு போய்ச் சேரணும். ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லு. இல்லாட்டி அந்த மம்பட்டியக் குடு."

நீங்கள் மம்பட்டியைக் கொடுத்தீர்கள். வழி சொல்லவில்லை.

மூன்று நாள், வேலை முடிந்து வந்து, கானுக்கு முன்னால் கல் அடுக்கி, களிமண் போட்டு, புல் பத்தையை வெட்டி வைத்து மிதித்து ஒரு மேடு கட்டினோம். முதலில் செங்குத்தாகப் போய்விட்டது, கட்டு மேலே ஏறி நின்று, யோசித்து, பின்பக்கமாகவே விழுந்தது. கொஞ்சம் வெட்டிக் குறைத்தோம். பிறகு நுனி மட்டும் மாட்டு நாக்கு மாதிரி நிமிர்ந்து இருக்கும்படி வைத்தோம். அடுத்த கட்டு வந்த வேகத்தில் தாவி, கானுக்கு மேலால் போய், அந்தப் பக்கத்துப் புல்லில் விழுந்து, உருண்டு, லயத்துப் பின்பக்கம் வரைக்கும் வந்தது. அதுதான் மேடு. துரையும் இல்லை, பனியும் இல்லை, நாயும் இல்லை. நாங்கள் அதற்கு வைத்த பேர் விறகு மேடு.

நமக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் பொடியன்மார் அதில் பாயத் தொடங்கினார்கள். உரச் சாக்குக்குள் மானாப்புல்லை அடைத்து, அதன்மேல் உட்கார்ந்து வருவார்கள். பொங்கலுக்கு மறுநாள் போட்டி. நீங்கள்தான் எல்லாம். விசில் உங்கள் வாயில், தடி உங்கள் கையில். எவன் எவ்வளவு தூரம் பாய்ந்தான் என்பதை உங்கள் காலடியால்தான் அளக்க வேண்டும், மற்றவன் கால் வைத்தால் செல்லாது. மேலே மானாப்புல் வெட்டிப் பரப்பித் தண்ணீர் தெளிக்கிறது பொம்பளைகள். கீழே தேத்தண்ணி ஊற்றுகிறதும் பொம்பளைகள். ஒரு வருஷம் நான் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன், எங்களில் ஒருத்தி பாய்ந்தால் என்ன என்று. "சேலையோட பறந்தா தோட்டத்து மானமும் சேந்து பறந்திடும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

பிறகு அந்தத் தொலைக்காட்சி. சங்கத் தலைவர் வீட்டில் கார் பெட்டரியில் ஓடிய ஒன்றே ஒன்று. அதில் ஏதோ தேசத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் பனிமலையில் சறுக்கி வந்து பறப்பதைக் காட்டினார்களாம். நீங்கள் அங்கிருந்து நனைந்துகொண்டே ஓடிவந்தீர்கள். அவனுக்கும் நம்மைப் போல ஒரு விளிம்பு இருக்கிறது, நுனியில் நிமிர்ந்திருக்கிறது, அவனையும் கீழே நின்று அளக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னீர்கள். அதற்குப் பேர் ஸ்கீ என்றீர்கள். அன்றைக்கு விறகு மேடு செத்துப்போனது, ஸ்கீ மேடு பிறந்தது. நாங்கள் கட்டினதற்கு ஊர் தெரியாத ஒருவனுடைய பேர்.

அதோடு விட்டிருக்கலாம். தோட்டம் கம்பனி கைக்குப் போன பிறகு வந்த புதுத் துரை, சிங்கள மனேஜர், சும்மா கிடக்கிற புல்லில் தேயிலைக் கன்று வைக்க வேண்டும் என்று மேட்டில் குச்சி நட்டு அளந்தார். நீங்கள் கான் வெட்டிக்கொண்டு நின்றவர், மேலே ஏறிப் போய், உங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவரிடம் கதை சொன்னீர்கள். இது பழைய வெள்ளைக்காரத் துரை பனி விளையாட்டுக்குக் கட்டினது, அந்தக் காலத்திலிருந்து யாரும் கை வைத்ததில்லை என்று. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேட்டைப் பார்த்தாராம். அன்றைக்கே குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பிளேன்டீ குடித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, நாங்க கட்டுனதுன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையா?"

"லயத்துப் பொம்பளைங்க வெறகு தள்ளுன எடம்னு சொல்லியிருந்தா, நாளைக்கே குழி வெட்டிக் கன்னு வச்சிருப்பாங்க. தொரை கட்டுனதுன்னா கை வைக்க மாட்டாங்க புள்ள."

நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. சுற்றிலும் தேயிலை ஏறிவிட்டது, அந்த ஒரு நீளத்துண்டு மட்டும் புல்லாக இருக்கிறது. நீங்கள் பொய் சொன்னீர்கள், பொய்தான் காப்பாற்றியது. இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஆனால் ஒரு தரம் சொன்னால் போதாதா? உங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. லிந்துலையிலிருந்து வந்த என் தம்பிக்குச் சொன்னீர்கள். தபால்காரனுக்குச் சொன்னீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குச் சொன்னீர்கள். ஒவ்வொரு தரமும் துரை கொஞ்சம் உயரமாக வளர்ந்தார். நம் மகளுக்கும் சொன்னீர்கள், அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி டீச்சரிடம் கைதட்டு வாங்கி வந்தாள். அடுப்படியில் அவளை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா சொன்னதுதாம்மா நல்லாருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. போட்டியும் மெல்ல நின்றுபோனது. ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, ஒரு வருஷம் மழை விடவில்லை, பொடியன்மார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். மேட்டில் மாடு மேய்ந்தது. நீங்கள் மட்டும் நுனி இடிந்தால் மண் போட்டுக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். பென்சன் எடுத்த பிறகும்.

பிறகு துரை பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமாம். வெல்பெயார் தம்பி உங்களைத் தேடி வந்த அன்று நீங்கள் படுத்த படுக்கை. கால் இரண்டும் வீங்கி, மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. அந்தத் தம்பி மேட்டைப் பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தீர்கள். இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தீர்கள். அன்றைக்குத்தான் நாய் பிறந்தது. நான் கதவடியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தம்பியின் தோளுக்கு மேலால் ஒரு தரம் என்னைப் பார்த்தீர்கள். 'சொல்லிவிடாதே' என்கிற பார்வை. நோயாளி மனுஷன், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டது என் பிழை. அடுத்த மாதம் நீங்கள் இல்லை. இப்போது பலகை வந்திருக்கிறது.

நேற்று அந்தத் தம்பி வந்தார். பெயின்ட் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு நடப்போறோம் அம்மா. ஒரு தரம் வாசிச்சுப் பாருங்க. பிழை கிழை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"எல்லாமே பிழைதான் தம்பி" என்றேன்.

படியில் உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். அவர் மூன்று தரம் "வெறகா?" என்று கேட்டார். பாவம், நல்ல பிள்ளை. நீங்கள் சொன்னதைக் கொப்பியில் எழுதி, டைப் அடித்து, மேலே அனுப்பி, கையெழுத்து வாங்கி வைத்திருந்தவர். என் வார்த்தை மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு வீடு தள்ளியிருக்கிற பூரணம் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அக்காவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. காதோடு வாயை வைத்துக் கத்திக் கேட்டார்.

"யாரு கட்டுவா? நாங்கதான்" என்றாள் அக்கா. "இவ புருசன் மம்பட்டி குடுத்தான். அதுவும் புடி கழண்ட மம்பட்டி."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே இருக்கிற மூன்று மொழி எழுத்தும் இப்போதைய பெரிய துரை பார்த்துச் சரி சொன்னது, அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொட முடியாதாம். அடியில் இருக்கிற ஒரு வரி மட்டும் அவராகப் போட்டது. உங்கள் மேல் இருந்த பிரியத்தில் போட்டது. அதை மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஒரு வரிக்குத்தான் எடம் இருக்கும்மா. ஐயா பேர எடுத்தாத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

தேத்தண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போனேன். தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிவிட்டது.

இந்தத் தோட்டத்தில் நம் ஆட்களின் பேர் எங்கே எழுதியிருக்கிறது? சம்பளத்துக்குச் செக்ரோலில் எழுதினார்கள், அதையும் கறையான் தின்றது. பங்களாவில் பழைய துரைமார் பேர் வரிசையாகத் தொங்குகிறது. உங்கள் அப்பா இங்கேயே பிறந்து இங்கேயே செத்தார், அவர் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. கான் வெட்டின ஒரு மனுஷனுடைய பேரைப் பலகையில் எழுதினது இதுதான் முதல் தரம். பலகை வந்த அன்று நான் உங்கள் பேரை விரலால் தடவிப் பார்த்தேன். வாயால் சொல்லாத பேர், விரலாலாவது தொடலாம் என்று. பெயின்ட் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கையைக் கழுவவில்லை. அதை நானே அழிக்கச் சொல்ல வேண்டும். எப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் பாருங்கள்.

உங்கள் பேரை விட்டுவைத்தால் அந்தத் துரைக்கு நீங்கள் சாட்சி. உயிரோடு இருந்தால் உங்களைக் குறுக்கே கேட்டு மடக்கலாம். இனி யார் கேட்பது? ஏழு பொம்பளைகள் கல் சுமந்தது, அளவு பிழைத்து வெட்டிக் குறைத்தது, எல்லாம் உங்கள் பேருக்கு அடியில் புதைந்துவிடும். புதைத்தது நீங்கள் என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. உங்களுக்குப் பேர் இல்லாமல் போவதையாவது தாங்கிக்கொள்வேன்.

மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி தான் துடைப்பதாகக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியது ஆம்பிளைகள், என்னை உள்ளே விடவில்லை. இதை நானே செய்தேன். பெயின்ட் முழுக்கக் காயாததால் சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்திருக்க வேண்டாம்.

அந்த இடத்தில் தம்பி சின்னத் தூரிகையால் எழுதினார். தமிழில் மட்டும்தான். 'கவ்வாத்து மிளாறு இறக்குவதற்காக இந்த மேட்டைக் கட்டியவர்கள் இத்தோட்டத்துப் பெண்கள்.' இப்போது பலகையின் மேல்பக்கம் துரை கட்டினார் என்கிறது, கீழ்ப்பக்கம் நாங்கள் கட்டினோம் என்கிறது. வாசிக்கிறவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும். பெரிய துரை கேட்டால் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, மூன்று மொழியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இவ்வளவு வருஷம் நான் கோபப்பட்டேன், இனி உங்கள் முறை.

தூரிகையைக் கழுவும்போது அந்தத் தம்பி கேட்டார், விறகு சரி, ஆள் உட்கார்ந்து முதலில் பறந்தது யார் என்று.

நான்தான் என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். அவருக்குச் சொன்னேன். மேடு கட்டி முடித்த அடுத்த வாரம், தூறல். கடைசிக் கட்டு என்னுடையது. "ஏறி ஒக்காந்துக்கடி, வெறகும் போவும், நீயும் போவ" என்று அக்காதான் உசுப்பிவிட்டாள். உட்கார்ந்தேன். புல் காதுப் பக்கம் கிழித்துக்கொண்டு போனது. விளிம்பு வந்ததும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அடியில் ஒன்றுமே இல்லை. லயத்துக் கூரைகள், புகை, அதற்கும் கீழே கானுக்குள் நீங்கள்.

அந்த நிமிஷத்தைப் பற்றி நீங்கள் வேறு யாரிடமும் பேசினதில்லை. என்னிடம் மட்டும், சண்டை ஓய்ந்த பொழுதுகளில் சொல்வீர்கள். "நிமிந்து பாத்தேன் புள்ள. நீ சிரிச்சிக்கிட்டே என் தலைக்கு மேலால போன. அப்பவே முடிவு பண்ணிட்டேன்." எத்தனை தரம் சொன்னீர்கள் என்று கணக்கில்லை.

நான் சிரிக்கவில்லை. மாரியாத்தாளைக் கூப்பிட்டு அலறினேன். நீங்கள் நிமிரவும் இல்லை. மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. மம்பட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கானுக்குள் குந்தியிருந்தீர்கள். நான் பார்த்தது மழைக்கு நீங்கள் முதுகில் போட்டிருந்த சாக்கை மட்டும்தான். என் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. எத்தனையோ தரம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நீங்கள் சொல்லும்போது அந்தப் பெண் நன்றாகச் சிரித்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இப்போதும் அவள் என்னிடம்தான் இருக்கிறாள்.

"அப்ப ஐயா அங்கதான் நின்னாரா? ஒங்களப் பாத்தாராம்மா?" என்று கேட்டார் தம்பி.

கையில் இன்னும் மண்ணெண்ணெய்த் துணி.

"பாத்தாரு தம்பி" என்றேன். "நல்லா நிமிந்து பாத்தாரு. நான் சிரிச்சிக்கிட்டே போனேன்."

பூரணம் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, அவளுக்குக் கேட்கவில்லை.